பிளஸ் ஒன்னில் பயோ-மேத்ஸ் எடுக்கப் போகிறீர்களா? சென்னைக் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த அன்று சாயங்காலமே வீட்டில் பேச்சு தொடங்கிவிடும்: "ஃபர்ஸ்ட் குரூப் எடுக்கட்டுமா?" இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல் நான்கும் சேர்ந்த அந்த குரூப்பைத்தான் பயோ-மேத்ஸ் என்கிறோம். எங்கள் மகள் வடசென்னையில் தமிழ்நாடு மாநிலப் பாடத்திட்டத்தில் அதைப் படித்து முடித்தாள். குரூப் தேர்வு, சான்றிதழ், ரெக்கார்டு நோட்டு, கால்குலஸ் (வகையிடல், தொகையிடல் என்னும் நுண்கணிதம்) என ஒவ்வொன்றுக்கும் நாலு பேரை விசாரித்து, அலைந்துதான் தெரிந்துகொண்டோம். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். சிபிஎஸ்இ பிள்ளைகளுக்கு இதில் பாதிதான் பொருந்தும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த குரூப்பில் தடுமாறும் பிள்ளைகள் பெரும்பாலும் பிளஸ் டூவில் தடுமாறுவதில்லை. பிளஸ் ஒன்னின் இரண்டாம் பாதியில், கால்குலஸ் தொடங்கும் இடத்தில்தான் பின்தங்குகிறார்கள். பிளஸ் டூவில் அது வெளியே தெரிகிறது, அவ்வளவுதான்.

1. குரூப்பை முடிவு செய்யுங்கள்: மதிப்பெண்ணைப் பார்த்து மட்டும் வேண்டாம்

"இன்ஜினியரிங்கும் போகலாம், மெடிக்கலும் போகலாம்" என்பதுதான் எல்லோரும் சொல்லும் காரணம். அது உண்மைதான். ஆனால் அதற்கு என்ன விலை என்று யாரும் சொல்வதில்லை. பொறியியல் கலந்தாய்வின் கட்-ஆஃப் 200-க்கு. அதில் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50. நீட் தேர்வு 720 மதிப்பெண்ணுக்கு. அதில் உயிரியல் மட்டும் 360. அதாவது ஒரு பக்கம் கணிதம் சரிபாதி, மறுபக்கம் உயிரியல் சரிபாதி. இரண்டையும் குறிவைக்கும் பிள்ளைக்கு இரண்டு பாடமுமே முதல் பாடம்தான்.

பிள்ளையிடம் நேராகக் கேளுங்கள். ஒரு கணக்கோடு அரை மணி நேரம் உட்கார்ந்து மல்லுக்கட்டப் பிடிக்குமா? ஒரு படத்தை வரைந்து, இருபது பாகங்களைக் குறித்து, அடுத்த வாரமும் நினைவில் வைத்திருக்க முடியுமா? இரண்டுக்கும் ஆமாம் என்றால் தாராளமாக எடுக்கலாம். கணிதம் என்றாலே பயம், மருத்துவம் மட்டும்தான் கனவு என்றால், கணிதம் இல்லாமல் தாவரவியல், விலங்கியல் தனித்தனிப் பாடமாக வரும் ப்யூர் சயின்ஸ் குரூப்பைப் பாருங்கள். உயிரியலில் துளியும் ஆர்வமில்லை, கணிப்பொறிதான் வேண்டும் என்றால் கம்ப்யூட்டர்-மேத்ஸ் இருக்கிறது.

இங்கே ஒரு தவறான பயம் உலவுகிறது. பயோ-மேத்ஸ் எடுத்தால் கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் கிடைக்காது என்பார்கள். அப்படி இல்லை. பொறியியலுக்குக் கணிதம், இயற்பியல், வேதியியல் போதும். கால்நடை மருத்துவம் போன்ற படிப்புகளுக்கு உயிரியல் வேண்டும். மாநில ஒதுக்கீட்டு கால்நடை மருத்துவ இடங்கள் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே நிரப்பப்படுகின்றன, நீட் தேவையில்லை. நீட் ஒன்றையே நினைத்துக்கொண்டு இருப்பவர்களுக்கு இது தெரிவதேயில்லை.

2. பள்ளியை மாற்றும் முன் இந்த மூன்றையும் பாருங்கள்

முதலாவது, மிக முக்கியமானது. உங்கள் பிள்ளை ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்து வந்தால், பிளஸ் ஒன்னுக்கு மட்டும் தனியார் பள்ளிக்கு மாற்றிவிடாதீர்கள். மருத்துவத்திலும் பொறியியலிலும் கிடைக்கும் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்குத்தான். பெண் பிள்ளைகளுக்குக் கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டத்துக்கும், பையன்களுக்கான தமிழ்ப்புதல்வன் திட்டத்துக்கும் பள்ளிப் படிப்பின் கணக்கு இதே போலத்தான் பார்க்கப்படுகிறது. "ரெண்டு வருஷம்தானே" என்று மாற்றி, கலந்தாய்வு நேரத்தில் கலங்கிய குடும்பங்களை நேரில் பார்த்திருக்கிறேன். உங்கள் அரசுப் பள்ளியில் பயோ-மேத்ஸ் இல்லையென்றால், அது இருக்கும் வேறு அரசுப் பள்ளியைத் தேடுங்கள். மாநகராட்சி மேல்நிலைப் பள்ளிகளையும் சேர்த்து விசாரியுங்கள்.

இரண்டாவது, பயிற்று மொழி. தமிழ் வழியில் படித்த பிள்ளையை பிளஸ் ஒன்னில் ஆங்கில வழிக்கு மாற்றினால், முதல் மூன்று மாதம் உயிரியலின் கலைச்சொற்களிலேயே போய்விடும். அரசு வேலையில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கான 20 சதவீத முன்னுரிமையும் முதல் வகுப்பிலிருந்து தமிழ் வழியில் படித்தவர்களுக்கே. நீட் வினாத்தாளைத் தமிழிலும் கேட்டு வாங்கலாம். எனவே நீட்டுக்காகவே ஆங்கில வழிக்கு மாற வேண்டியதில்லை. ஆங்கில வழி கூடாது என்று நான் சொல்லவில்லை. மாற்றுவதானால் மே மாதத்திலேயே ஆங்கிலப் பாடநூலைக் கையில் கொடுத்துவிடுங்கள்.

மூன்றாவது, பள்ளியில் கேட்க வேண்டிய கேள்விகள். தாவரவியலுக்கும் விலங்கியலுக்கும் தனித்தனி ஆசிரியர் இருக்கிறார்களா? ஆய்வகத்தில் மைக்ராஸ்கோப் வேலை செய்கிறதா? பிளஸ் ஒன் பாடத்தை முழுதாக நடத்துகிறார்களா? மூன்றாவது கேள்விக்கு வரும் பதிலை வைத்தே முடிவெடுக்கலாம்.

எச்சரிக்கை: சில தனியார் பள்ளிகளில் ரிசல்ட் வருவதற்கு முன்பே "சீட் பிளாக்" என்று முன்பணம் கேட்பார்கள். நாங்கள் போன ஓர் இடத்தில், பணம் கட்டினால்தான் பயோ-மேத்ஸ் என்றார்கள். எந்த குரூப் என்பது ரசீதில் எழுதப்படவில்லை. குரூப்பின் பெயரும், சேராவிட்டால் பணம் திரும்பக் கிடைக்குமா என்பதும் எழுத்தில் இல்லாமல் ஒரு ரூபாயும் கட்டாதீர்கள்.

3. சான்றிதழ்கள்: பெயரும் இனிஷியலும் ஒன்றாக இருக்கட்டும்

சேர்க்கைக்குப் பொதுவாகக் கேட்பவை இவை:

- பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ் (முதலில் தற்காலிகச் சான்றிதழே போதும்)
- மாற்றுச் சான்றிதழ், அதாவது டிசி
- சாதிச் சான்றிதழ்
- ஆதார் அட்டை
- பாஸ்போர்ட் அளவு போட்டோக்கள்
- உதவித்தொகைக்கு என்றால் வருமானச் சான்றிதழும் வங்கிக் கணக்குப் புத்தகமும்

டிசி வாங்கும்போது பழைய பள்ளியில் "எமிஸில் ரிலீஸ் பண்ணிட்டீங்களா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். எமிஸ் என்பது பள்ளிக் கல்வித் துறையின் இணையவழி மாணவர் பதிவேடு. பழைய பள்ளி தன் பட்டியலிலிருந்து பிள்ளையை விடுவித்தால்தான் புதிய பள்ளி சேர்க்க முடியும். தாள் கையில் இருந்தும் இது முடியாமல் இரு பள்ளிக்கும் நடுவே அலைய நேரிடும்.

பெயர் விஷயத்தில் தனிக் கவனம் வேண்டும். ஆதாரில் அப்பா பெயர் முழுதாக இருக்கும், மதிப்பெண் சான்றிதழில் இனிஷியல் மட்டும் இருக்கும், சாதிச் சான்றிதழில் எழுத்துக்கூட்டல் வேறாக இருக்கும். பிளஸ் ஒன்னில் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். இரண்டு வருடம் கழித்து நீட் விண்ணப்பத்திலும் கலந்தாய்விலும்தான் இடிக்கும். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளதை அடிப்படையாக வைத்து மற்றதை இப்போதே திருத்திவிடுங்கள். வருமானம், இருப்பிடம், முதல் பட்டதாரி போன்ற சான்றிதழ்களுக்கு இ-சேவை மையத்தில் ஒன்றுக்கு 60 ரூபாய். ரசீது வாங்கி, அதிலுள்ள விண்ணப்ப எண்ணைப் பத்திரப்படுத்துங்கள்.

வீட்டில் இதுவரை யாரும் பட்டம் வாங்கவில்லையா? முதல் பட்டதாரிச் சான்றிதழை பிளஸ் டூ அரையாண்டுத் தேர்வு விடுமுறையிலேயே விண்ணப்பித்துவிடுங்கள். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், தாசில்தார் என்று ஒவ்வொரு மேசையாக அது நகர வேண்டும். மே மாதத்தில் ஊரே வரிசையில் நிற்கும். வருமானச் சான்றிதழை மட்டும் அவ்வளவு முன்னதாக எடுக்க வேண்டாம், அது ஓர் ஆண்டுக்குத்தான் செல்லும்.

4. செலவு எங்கே வருகிறது

அரசுப் பள்ளியில் கல்விக் கட்டணம் இல்லை, பாடநூல் இலவசம், பஸ் பாஸும் உண்டு. தனியாரில் படிப்பவர்கள் பாடநூலை நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில் உள்ள டிபிஐ வளாகத்தில் (இப்போது பேராசிரியர் அன்பழகன் கல்வி வளாகம்) வாங்கலாம். பாடநூல் கழக இணையதளத்தில் எல்லாப் பாடநூலும் பிடிஎஃப் ஆக இலவசமாகவே கிடைக்கிறது. சென்ட்ரல் பக்கத்தில் உள்ள பழைய புத்தகக் கடைகளிலும் வாங்கலாம், ஆனால் ஆண்டைப் பார்த்து வாங்குங்கள். இப்போதைய பாடத்திட்டம் பிளஸ் ஒன்னுக்கு 2018-19 இலும், பிளஸ் டூவுக்கு 2019-20 இலும் வந்தது. அதற்கு முந்தைய புத்தகமும் கைடும் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

மாதிரி வினாத்தாள் தொகுப்பு வாங்கும்போது அட்டையைக் கவனியுங்கள். ப்யூர் சயின்ஸ் பிள்ளைகளுக்கான "தாவரவியல்", "விலங்கியல்" தொகுப்புகள் வேறு, நமக்கானவை "உயிரியல்" தொகுப்புகள். இரண்டின் வினாத்தாள் அமைப்பும் வேறு.

பெரிய செலவு டியூஷன்தான். நான்கு பாடத்துக்கும் வைத்தால் பணத்தை விட நேரம்தான் அதிகம் போகிறது. பெரம்பூரிலிருந்து அண்ணாநகர் போய்த் திரும்பும் பிள்ளை ராத்திரி ஒன்பது மணிக்குத் தூங்கி வழிந்துகொண்டு வரும். என் கருத்து: கணிதத்துக்கு மட்டும், அதுவும் வீட்டுக்குப் பக்கத்தில் நடந்து போகும் தூரத்தில் ஒருவரைத் தேடுங்கள். உயிரியலுக்குப் பாடநூலும் பள்ளி ஆசிரியரும் போதும். வீட்டில் படிக்க இடமில்லை என்றால் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிக்கத் தனிப் பகுதியே இருக்கிறது.

5. வகுப்பு தொடங்கும் முன்: மே, ஜூனில் கொஞ்சம் வகையிடல்

இதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. பிளஸ் ஒன் இயற்பியலில் இரண்டாவது அலகு இயக்கவியல். அதிலேயே திசைவேகம் என்பது இடப்பெயர்ச்சியின் வகைக்கெழு என்று வந்துவிடும். தொகையிடலும் வந்துவிடும். ஆனால் கணித வகுப்பில் அந்த நேரத்தில் கணங்களும் சார்புகளும்தான் நடந்துகொண்டிருக்கும். எல்லைகள், வகையிடல், தொகையிடல் மூன்றும் கணிதப் பாடநூலின் இரண்டாம் தொகுதியில்தான் இருக்கின்றன. "எனக்கு இயற்பியல் வராது" என்று பிள்ளைகள் ஜூலையிலேயே முடிவுகட்டுவது இந்த இடைவெளியால்தான்.

விடுமுறையில் மூன்று விஷயங்கள் போதும். ஒரு வளைகோட்டில் சாய்வு என்றால் என்ன என்று வரைந்து பார்க்க வேண்டும். எக்ஸின் அடுக்குகளுக்கு வகைக்கெழு எழுதப் பழக வேண்டும். தொகையிடல் அதற்குத் தலைகீழ்ச் செயல் என்று தெரிந்திருக்க வேண்டும். தேற்றமெல்லாம் இப்போது தேவையில்லை.

6. பிளஸ் ஒன்: பொதுத்தேர்வு இல்லை என்பதால் வரும் ஆபத்து

2025-26 கல்வியாண்டிலிருந்து பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு கிடையாது. பிள்ளைகளுக்கு மன அழுத்தம் குறைந்தது நல்லதுதான். ஆனால் அதையே சாக்காக வைத்து பிளஸ் ஒன் பாடத்தை ஓட்டிவிட்டு, டிசம்பரிலேயே பிளஸ் டூ பாடத்துக்குத் தாவும் பள்ளிகள் உண்டு. தாவும்போது விட்டுப்போவது பெரும்பாலும் இரண்டாம் தொகுதி, அதாவது கால்குலஸ்.

பிளஸ் டூ கணிதத்தின் ஏழாவது அத்தியாயத்தின் பெயரே "வகை நுண்கணிதத்தின் பயன்பாடுகள்". ஒன்பதாவது "தொகை நுண்கணிதத்தின் பயன்பாடுகள்". வகையிடவும் தொகையிடவும் அங்கே யாரும் சொல்லித்தர மாட்டார்கள். தெரியும் என்று வைத்துக்கொண்டு, அதை எங்கெல்லாம் பயன்படுத்தலாம் என்றுதான் பாடம் போகும். நீட்டிலும் பிளஸ் ஒன் பாடம் வருகிறது.

அதனால் பள்ளி நடத்தினாலும் நடத்தாவிட்டாலும் ஜனவரி முதல் மார்ச் வரை வீட்டில் இதைச் செய்யுங்கள். சங்கிலி விதி கைக்கு வரும்வரை தினமும் பத்துக் கணக்கு. பிறகு பிரதியிட்டுத் தொகையிடல், அப்புறம் பகுதித் தொகையிடல். ஒவ்வொரு தொகையிடல் விடையையும் திரும்ப வகையிட்டுச் சரிபார்க்கச் சொல்லுங்கள். விடைப் பக்கத்தைப் புரட்டவே வேண்டாம், ஒரே கணக்கில் இரண்டு பயிற்சியும் ஆகிவிடும். எங்கள் மகளுக்குப் பலன் தந்த பழக்கம் இதுதான்.

7. உயிரியல்: ரெக்கார்டு நோட்டை அன்றன்றே முடியுங்கள்

உயிரியல் 100 மதிப்பெண்ணில் எழுத்துத் தேர்வு 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10. எழுபதில் உயிரி-தாவரவியல் 35, உயிரி-விலங்கியல் 35. ஆய்வகமும் இரண்டு, ரெக்கார்டும் இரண்டு. அதோடு இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் ரெக்கார்டு உண்டு. பிளஸ் டூ செய்முறைத் தேர்வு பெரும்பாலும் பிப்ரவரியில் வரும். ஜனவரியில் நான்கு ரெக்கார்டையும் மொத்தமாக உட்கார்ந்து எழுதும் பிள்ளைக்கு, கணிதத் திருப்புதல் செய்ய வேண்டிய வாரங்கள் அப்படியே போய்விடும். ஆய்வக வகுப்பு நடந்த அந்த வாரமே படம் வரைந்து, கையெழுத்து வாங்கிவிட வேண்டும்.

செய்முறையில் பிள்ளைகள் கோட்டைவிடுவது ஸ்பாட்டரில்தான். மேசையில் வைத்திருக்கும் ஸ்லைடையோ படத்தையோ அடையாளம் கண்டு, காரணம் எழுத வேண்டும். பள்ளியில் அனுமதி வாங்கி ஒவ்வொன்றையும் போனில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிளஸ் ஒன்னில் பூவின் பாகங்களைப் படிக்கும்போது புத்தகப் படத்தோடு நிறுத்தாதீர்கள். சங்குப்பூ வேலியோரத்தில் கிடைக்கும், ஊமத்தை காலி மனைகளில் வளர்ந்து நிற்கும். ஒரு பிளேடால் நீளவாக்கில் வெட்டிப் பார்த்தால் பூவின் அமைப்பு தானாகப் புரியும். ஊமத்தை விஷச்செடி, தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.

பிளஸ் டூவில் தாவரவியல் 10 பாடம், விலங்கியல் 12 பாடம். இரண்டிலும் மரபியல் வருகிறது, உயிரித் தொழில்நுட்பம் வருகிறது, சூழலியலும் சுற்றுச்சூழல் பிரச்சினைகளும் வருகின்றன. பள்ளியில் இவற்றை வெவ்வேறு மாதத்தில் நடத்துவார்கள். வீட்டில் ஜோடி ஜோடியாகப் படித்தால் பாதி வேலை மிச்சம்.

8. பிளஸ் டூ கணிதம்: வினாத்தாளைப் பிரித்துப் பாருங்கள்

கணிதத்துக்கு எழுத்துத் தேர்வு 90, அகமதிப்பீடு 10. தொண்ணூறில் ஒரு மதிப்பெண் வினா 20, இரண்டு மதிப்பெண் 7, மூன்று மதிப்பெண் 7, ஐந்து மதிப்பெண் 7. ஐந்து மதிப்பெண் வினாக்கள் "அல்லது" போட்டு வரும். இரண்டு மதிப்பெண், மூன்று மதிப்பெண் பகுதிகளில் தலா ஒரு வினா கட்டாயம், அதில் தேர்ந்தெடுக்க முடியாது. பன்னிரண்டு அத்தியாயத்தில் ஏழிலிருந்து பத்து வரை நான்கு அத்தியாயங்கள் கால்குலஸ். அதை ஒதுக்கிவிட்டு "மத்ததுல எடுத்துக்கலாம்" என்று போனால் 'அல்லது'வில் இரண்டு பக்கமும் மாட்டிக்கொள்ள நேரிடும்.

எட்டாவது அத்தியாயம் சிறியது, பகுதி வகையிடல் பழகிவிட்டால் ஆய்லர் தேற்றக் கணக்குகள் ஒரே தடத்தில் போகும். ஒன்பதாவதில் பரப்பும் கன அளவும் படம் வரையாமல் செய்யவே கூடாது. ஏழாவதில் பெருமம், சிறுமம் கேட்கும் வாழ்க்கைக் கணக்குகளில்தான் நேரம் போகும், வாக்கியத்தைச் சமன்பாடாக மாற்றுவதுதான் அங்கே கஷ்டம்.

பத்தாவது அத்தியாயம் (வகைக்கெழுச் சமன்பாடுகள்) பயோ-மேத்ஸ் பிள்ளைகளுக்கென்றே எழுதியது போல எனக்குத் தோன்றும். பாக்டீரியா பெருகும் வேகம், அந்த நேரத்தில் இருக்கும் எண்ணிக்கைக்கு நேர்விகிதத்தில் இருந்தால் எத்தனை மணி நேரத்தில் மும்மடங்காகும் என்று கேட்பார்கள். அதே வளர்ச்சியைத்தான் விலங்கியலில் ஜே வடிவ வளைகோடாகப் படிக்கிறார்கள். உணவும் இடமும் தட்டுப்படும்போது அதுவே எஸ் வடிவமாக வளைகிறது. உடல் குளிரும் வேகத்தை வைத்து இறந்த நேரத்தைக் கணிக்கும் நியூட்டன் குளிர்விப்பு விதிக் கணக்கும் இந்த அத்தியாயத்தில்தான். இந்தப் பாடத்தையும் அந்த விலங்கியல் பாடத்தையும் ஒரே வாரத்தில் படிக்கச் சொல்லுங்கள். கால்குலஸ் எதற்கு என்று கேட்ட எங்கள் வீட்டுப் பெண் அதற்கப்புறம் கேட்கவில்லை.

9. நீட்டும் சேர்த்து எழுதுவதானால்

பொதுத்தேர்வு மார்ச்சில். நீட் வழக்கமாக மே முதல் வாரத்தில். 180 கேள்வி, 180 நிமிடம், தவறான விடைக்கு ஒரு மதிப்பெண் குறையும். 2025 தேர்வில் பொதுப் பிரிவுக்கு 1,700 ரூபாய், ஓபிசிக்கு 1,600, எஸ்சி, எஸ்டி பிரிவினருக்கு 1,000 ரூபாய் கட்டணம். விண்ணப்பம் செய்முறைத் தேர்வு நடக்கும் அதே நாட்களில் வந்துவிடும், போட்டோவையும் சான்றிதழ்களையும் ஜனவரியிலேயே ஸ்கேன் செய்து வையுங்கள்.

பிளஸ் டூ முழுக்க நீட் கோச்சிங்கில் இருந்துவிட்டு, மார்ச்சில் கணிதத்தைக் கைவிடும் பிள்ளைகள் அதிகம். கணிதத்தில் 95 வாங்க வேண்டியவர் 70 வாங்கினால் பொறியியல் கட்-ஆஃபில் 25 முழுதாகக் குறையும். இயற்பியலில் அதே 25 போனால் பன்னிரண்டரைதான் குறையும். பொதுத்தேர்வு முடியும் வரை கணிதத்துக்கான தினசரி ஒரு மணி நேரத்தில் யாரையும் கைவைக்க விடாதீர்கள்.

10. ரிசல்ட்டுக்குப் பிறகு

பொறியியல் விண்ணப்பத்துக்குக் கட்டணம் 500 ரூபாய், எஸ்சி, எஸ்சிஏ (அருந்ததியர்), எஸ்டி பிரிவினருக்கு 250. ரிசல்ட் வரும் நாட்களிலேயே பதிவு தொடங்கிவிடும். நீட் முடிவுக்காகக் காத்திருக்காமல் பொறியியலுக்கும் கால்நடைப் படிப்புக்கும் பதிந்துவிடுங்கள்.

மதிப்பெண்ணில் சந்தேகம் இருந்தால் முதலில் விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பியுங்கள், ஒரு பாடத்துக்கு 275 ரூபாய். நகல் வாங்கியவர்கள்தான் பிறகு மறுமதிப்பீடு கேட்க முடியும். வெறும் மறுகூட்டல் என்றால் மற்ற பாடங்களுக்கு 205, உயிரியலுக்கு 305. அண்மை ஆண்டுகளில் வாங்கிய தொகை இவை. விண்ணப்பிக்கச் சில நாட்களே தருவார்கள், அதையும் பள்ளி வழியாகத்தான் செய்ய வேண்டும். அந்த வாரம் ஊருக்குப் போகும் திட்டம் இருந்தால் தள்ளிவையுங்கள். நகல் வந்ததும் உயிரியலில் தாவரவியல், விலங்கியல் இரு பகுதிகளின் கூட்டலையும் தனித்தனியாகச் சரிபாருங்கள். கணித நகலைக் கணித ஆசிரியர் ஒருவரிடம் காட்டி, ஐந்து மதிப்பெண் வினாக்களில் படிப்படியாக மதிப்பெண் போட்டிருக்கிறார்களா என்று கேட்டுவிட்டு, அதன் பிறகு மறுமதிப்பீட்டுக்குப் பணம் கட்டுங்கள்.